கஞ்சி குடித்தால் ஈரல் தப்புமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுக்கு. அப்பாவுக்கு 61 வயது. டி.பி. என்று கண்டுபிடித்து, அரசு மாத்திரை சாப்பிட ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகிறது. பிரஷருக்கு அம்லோடிபினும் சாப்பிடுகிறார். "இந்த மாத்திரை ஈரலத் தின்னுரும், பத்தியம் இருந்தாத்தான் தாங்கும்" என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னதிலிருந்து முட்டை, மீன், கறி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். கஞ்சி, இட்லி, சுட்ட அப்பளம், அவ்வளவுதான். காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுக்கிறோம். நடுவில் ஒரு நாள் ஆசைப்பட்டாரே என்று சூரை மீன் குழம்பு வைத்தேன். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலி, நெஞ்சு படபடப்பு. இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. அதே குழம்பைச் சாப்பிட்ட எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எடை வேறு 2 கிலோ குறைந்திருக்கிறது. சாப்பாட்டைப் பொறுத்து கல்லீரல் மருந்தைக் கையாளும் விதம் மாறுமா? புளிப்புப் பழம் எதுவும் மாத்திரையோடு ஆகாது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, அது சரியா? அம்மா இதய வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு, ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். அவருக்கு முருங்கைக்கீரை கூடவே கூடாதா? கோயில் கொடைக்கு ஒரு நாள் மட்டும் குடித்தால் என்ன என்று அப்பா கேட்கிறார். அதற்கும் ஒரு பதில் எழுதுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சூரை மீனைப் பார்த்துவிடுவோம். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் முதலில் கண்ணில் பட்டதே அதுதான்.

சூரையின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் கரைக்கு வந்து, ஐஸ் போதாமல் வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தால் போதும், பாக்டீரியா அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமை வரும்போது நம் உடம்பே சுரக்கும் அதே ஹிஸ்டமின்தான் இது. தூத்துக்குடியில் ஏலம் எடுத்த மீன் பைக்கில் ஐஸ் பெட்டியோடு உங்கள் ஊருக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஹிஸ்டமினுக்கு நாற்றம் கிடையாது. குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது.

ஆனாலும் நம்மில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. குடலிலும் ஈரலிலும் அதை உடைத்துப் போடும் நொதி இருக்கிறது. கொஞ்சமாக வந்தால் அதுவே சமாளித்துவிடும். அப்பா சாப்பிடும் டி.பி. மாத்திரையில் ஐசோனியாசிட் என்று ஒரு மருந்து உண்டு. அது அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. அதனால்தான் ஒரே குழம்பு மூன்று பேருக்குச் சாதாரணக் குழம்பாகவும், அப்பாவுக்கு மட்டும் படபடப்பாகவும் ஆனது. இலங்கையில் டி.பி. நோயாளிகள் சூரை வகை மீனைச் சாப்பிட்டுவிட்டு இதே மாதிரி முகம் சிவந்து வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 1970-களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நேரில் பார்க்காமல் கடிதத்தை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். படபடப்புக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆகவே, மாத்திரை கொடுக்கும் இடத்தில் இந்தச் சம்பவத்தை அப்படியே சொல்லுங்கள். சரிதானா என்று பார்க்க இன்னொரு முறை சூரை வைத்துக் கொடுக்க வேண்டாம். மருந்து முடியும்வரை சூரை, மாசி, அயிலை, சாளை நாலையும் ஒதுக்கி வையுங்கள். எல்லாம் சீக்கிரம் ஹிஸ்டமின் ஏறும் மீன்கள். விளமீன் புதிதாகக் கிடைத்தால் வாங்கலாம். குளத்து விரால், ஜிலேபி கெண்டை துடிக்கத் துடிக்கக் கிடைத்தால் இன்னும் நல்லது. எப்போதாவது முகம் சிவப்பதோடு மூச்சுத் திணறலோ மயக்கமோ சேர்ந்து வந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

நீங்கள் பயந்த மாதிரி இது ஈரல் கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. ஒரு மீனும் ஒரு மாத்திரையும் மோதிக்கொண்டன, அவ்வளவுதான். அதற்காக முட்டையையும் பருப்பையும் தண்டித்துவிட்டீர்கள்.

சரி, உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். சாப்பாட்டைப் பொறுத்து ஈரல் மருந்தைக் கையாளும் விதம் மாறுமா? மாறும். ஆனால் ஆச்சி நினைக்கிற திசையில் மாறாது.

பாபநாசத்தில் மலையிறங்கும் தண்ணீர் நேரே கடலுக்குப் போவதில்லை அல்லவா? எட்டு அணைக்கட்டு, அதிலிருந்து பிரியும் கால்வாய்கள், குளங்கள், மடைகள் என்று எல்லாவற்றையும் தாண்டி மிச்சம்தான் புன்னைக்காயலுக்குப் போகிறது. விழுங்கும் மாத்திரையும் அப்படித்தான். குடலில் உறிஞ்சப்பட்டதும் ஒரு தனி ரத்தக்குழாய் வழியாக நேராக ஈரலுக்குத்தான் போகும். அங்கே ஒரு பங்கு உடைபட்ட பிறகுதான் மிச்சம் உடம்பு முழுக்கச் சுற்ற வருகிறது. சுற்றி வந்தது மறுபடி ஈரலுக்குள் போகும், மறுபடி கொஞ்சம் உடையும். எவ்வளவு வேகத்தில் உடைகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒரு மாத்திரை எட்டு மணி நேரம் வேலை செய்யுமா, ஒரு நாள் தாங்குமா என்பது.

இந்த உடைக்கும் வேலை பெரும்பாலும் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் சைட்டோகுரோம் பி450 என்கிற நொதிக் குடும்பம் மருந்தைப் பிடித்து அதன் உருவத்தை மாற்றுகிறது. சில மருந்துகளில் இப்படி மாறி வரும் பொருள் மூல மருந்தைவிட மோசமாக இருக்கும். இரண்டாம் கட்டத்தில் அந்தப் பொருளோடு வேறொன்றைக் கோத்து, தண்ணீரில் கரைகிற மாதிரி ஆக்கி, மூத்திரத்திலோ பித்தத்திலோ வெளியே அனுப்புகிறது. கோப்பதற்கான சரக்குகளில் முக்கியமானது குளூட்டாதயோன். அது மூன்று அமினோ அமிலங்களால் ஆனது. ஈரல் அதைப் புரதத்திலிருந்துதான் செய்துகொள்ள முடியும். முதல் கட்டத்து நொதிகளும் புரதம்தான். ஆக, மருந்தோடு மல்லுக்கட்ட ஈரலுக்கு வேண்டிய சாமான் தட்டிலிருந்து வர வேண்டும். நீங்கள் தட்டைக் காலி செய்துவிட்டு ஈரலைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள்.

இது என் ஊகம் இல்லை. 1976-ல் நியூயார்க்கில் ஒரு ஆய்வு நடந்தது. ஆரோக்கியமான ஆண்கள் சில பேரைக் கொஞ்ச நாள் புரதம் அதிகமும் மாவுச்சத்து குறைவுமாகச் சாப்பிட வைத்தார்கள். ஆண்டிபைரின் என்ற பழைய மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய முன்பு 16 மணி நேரம் எடுத்தது, அது 10 மணி நேரத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோஃபிலினுக்கு 8 மணி நேரம் 5 மணி நேரமானது. அப்புறம் அதே ஆட்களை மாவுச்சத்து அதிகம், புரதம் குறைவு என்று மாற்றினார்கள். இரண்டும் பழையபடி ஏறிவிட்டன. ஆள் மாறவில்லை, மருந்து மாறவில்லை, தட்டு மட்டும்தான் மாறியது. நம் நாட்டில் சத்துக்குறைவு உள்ளவர்களின் உடம்பு மருந்தை எப்படிக் கையாள்கிறது என்பதை ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் டாக்டர் கமலா கிருஷ்ணசாமி பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அந்த நிறுவனம் 1918-ல் நம்ம குன்னூரில் ஒரு சின்ன ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கியதுதான், 1958-ல்தான் ஹைதராபாத் போனது. நம்மூரில் பிறந்த அறிவு நம்மூர்ச் சமையலறைக்குள் நுழைய இவ்வளவு நாள் ஆகிறதே என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

உங்களுக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். புரதம் சாப்பிட்டால் மருந்து சீக்கிரம் கழிந்துபோகும் என்றால், டி.பி. மாத்திரை வீணாகிவிடாதா? ஆகாது. மருந்தின் அளவே ஓரளவு சாப்பிடுகிற மனிதனை வைத்து நிர்ணயித்ததுதான். அப்பாவை அந்தச் சாதாரண நிலைக்குக் கொண்டுவரத்தான் சொல்கிறேன்.

கஞ்சித் தட்டைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிராம் அரிசியில் ஒரு வேளைக் கஞ்சி என்றால் அதில் புரதம் 4 கிராம். இரண்டு வேளைக் கஞ்சிக்கு 8. இட்லியில் இருக்கும் உளுந்தையும் சேர்த்துக்கொண்டால் நாள் முழுக்க 15, 20 கிராம் தேறலாம். சுட்ட அப்பளத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. 50 கிலோ எடையுள்ள, நோயில்லாத ஆளுக்கே நாளுக்கு 40 கிராமுக்கு மேல் வேண்டும். டி.பி. வந்து உடம்பு உருகிய ஆளுக்கு 60-லிருந்து 75 வரை கேட்கும். அப்பாவுக்கு வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே போகவில்லை. ஐந்து வாரம் மருந்து சாப்பிட்டவருக்கு இந்நேரம் பசியெடுத்து எடை ஏற ஆரம்பித்திருக்க வேண்டும். 2 கிலோ குறைந்திருக்கிறது என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி. டி.பி. மருந்தால் ஈரல் வீக்கம் வருபவர்களில் வயதானவர்கள், குடிப்பவர்கள், சத்துக்குறைவால் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் இறங்கியவர்கள்தான் அதிகம். முதல் காரணத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் உங்கள் வீட்டுக் கையில் இருக்கிறது.

ஆச்சியை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மஞ்சள் காமாலை வந்த ஒருவரிடம், "கொஞ்ச நாளைக்குப் பத்தியமா இருங்க அண்ணாச்சி" என்று சொல்லி அனுப்பினேன். என் மனதில் இருந்தது சாராயம் வேண்டாம், பொரித்தது வேண்டாம் என்பது. அவர் காதில் விழுந்தது வேறு. இரண்டு மாதம் கழித்து வந்தார். காமாலை போயிருந்தது, ஆனால் கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்றால், உப்பில்லாத கஞ்சி. வேறு? வேறொன்றுமில்லை. "நீங்கதானய்யா பத்தியம்னு சொன்னீங்க" என்றார் அவர் மனைவி. அன்றிலிருந்து அந்த வார்த்தையை நான் நோயாளியிடம் சொல்வதில்லை. என்ன சாப்பிட வேண்டும் என்று மட்டும்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

உங்களுக்கும் அதையே எழுதுகிறேன். நாளைக்கே உளுந்தஞ்சோறு வையுங்கள். தோலோடு கருப்பு உளுந்து, பூண்டு, தேங்காய்த் துருவல், தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். ஈரலுக்கு என்று கடையில் விற்கும் எந்த டானிக்கும் இதற்குப் பக்கத்தில் வராது. அதோடு தினம் இரண்டு அவித்த முட்டை. அதிலேயே 12 கிராம் புரதம் ஆகிவிட்டது. மதியம் பருப்போ மீனோ கோழியோ ஏதாவது ஒன்று. சாயங்காலம் ஒரு கைப்பிடி வறுத்த கடலை. எண்ணெய் ஊற்றித் தாளியுங்கள், பயப்பட வேண்டாம். சொதி வைக்கிற நாளில் அவருக்கும் ஊற்றுங்கள். தேங்காய்ப் பால் ஈரலை ஒன்றும் செய்யாது. சர்க்கரை இருக்கிறதா என்று டி.பி. கண்டுபிடித்தபோதே பார்த்திருப்பார்கள். சர்க்கரை நோய் இல்லையென்றால் சுக்குக் காப்பிக்குக் கருப்பட்டி போட்டுக்கொள்ளட்டும். டி.பி. நோயாளியின் சத்துணவுக்காக அரசு வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் போட்டுக்கொண்டிருந்தது, 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். அப்பா கணக்குக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் முட்டைக்கும் உளுந்துக்கும் ஆயிற்று.

டி.பி. மாத்திரை மட்டும் வெறும் வயிற்றில் இருக்கட்டும். சோறோ இட்லியோ உள்ளே இருந்தால் அதில் உள்ள ஐசோனியாசிட்டும், ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு மருந்தும் ரத்தத்தில் ஏறுவது குறையும். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் காலைச் சாப்பாடு. குமட்டினால் நிறுத்திவிடாமல், லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடலாமா என்று மாத்திரை கொடுக்கும் இடத்திலேயே கேளுங்கள். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல் மருந்தை அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம், அதுவும் மருந்து ஏறுவதைத் தடுக்கும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் முட்டையை மருந்தாக்கிவிடுவீர்கள். 1956-ல் சென்னையில் தொடங்கிய டி.பி. ஆய்வு மையத்தில், சானடோரியத்தில் படுக்க வைத்து நல்ல சாப்பாடு போட்டவர்களையும், வீட்டிலேயே ஏழைச் சாப்பாட்டோடு அதே மாத்திரையைச் சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். உலகமே டி.பி. நோயாளியை வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கத் துணிந்ததற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். கிருமியைக் கொல்வது மாத்திரைதான். சாப்பாட்டின் வேலை, அந்த மாத்திரையை ஆறு மாதம் தாங்க உடம்பைத் தயார் செய்வது.

கீழாநெல்லிக்கு வருவோம். அதற்கு நம் பக்கத்தில் இருக்கும் மரியாதை எனக்குத் தெரியும், என் வீட்டிலும் அரைத்துக் குடித்தவர்கள்தான். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு, ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு அதைக் கொடுத்து நல்ல பலன் கண்டதாக லான்செட் இதழில் எழுதியது. அன்று பெரிய செய்தி அது. பின்னால் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எப்படியிருந்தாலும் அது வைரஸ் பற்றிய பேச்சு. டி.பி. மருந்திலிருந்து ஈரலைக் காக்கும் என்று நம்பிக் கொடுக்க அதில் ஆதாரம் இல்லை. எனக்கு இருக்கும் நடைமுறைக் கவலை வேறு. நாளை அப்பாவுக்கு ஈரல் டெஸ்ட்டில் எண் ஏறினால், காரணம் மாத்திரையா, பச்சிலையா, அதோடு அரைபட்ட வேறு ஏதாவது செடியா என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அப்போது நிறுத்தப்படுவது உயிர் காக்கும் மாத்திரையாக இருக்கும். மருந்து முடியும்வரை கீழாநெல்லி வேண்டாம். சீந்தில் பொடியும் வேண்டாம். கொரோனா காலத்தில் அதை நாள்கணக்கில் சாப்பிட்டு ஈரல் வீங்கியவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே 2021-ல் எழுதியிருக்கிறார்கள்.

மிளகு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது சுவாரசியமான ஆசாமி. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின், மருந்தை உடைக்கும் நொதிகளின் வேகத்தைக் குறைக்கும். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில், மஞ்சளில் உள்ள குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் குர்குமின் இருபது மடங்கு ஏறியது. இதே தந்திரத்தை வைத்து, ரிஃபாம்பிசினை 450 மில்லிகிராமிலிருந்து 200-க்குக் குறைத்து, 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்த ஒரு டி.பி. மாத்திரையே 2009-ல் நம் நாட்டில் வந்தது. இதைப் படித்துவிட்டு ரசத்தை நிறுத்திவிடாதீர்கள். வழக்கமாக வைக்கிற ரசம் வழக்கம்போல இருக்கட்டும். திரிகடுகப் பொடியைத் தினம் ஸ்பூன் கணக்கில் புதிதாகத் தொடங்குவதும், மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல் வாங்குவதும்தான் கூடாது. அந்த வகைக் கேப்சூல்களால் ஈரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள். சாம்பாரில் போடும் மஞ்சளால் யாரும் கெட்டதில்லை.

புளிப்புப் பழம் பற்றிய வாட்ஸ்அப் செய்தியில் பாதி உண்மை. கனடாவில் ஒரு பிரஷர் மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகிறது என்று ஆராய்ந்தவர்கள், மதுவின் ருசி தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் சாறில் கலந்து கொடுத்தார்கள். மருந்து ரத்தத்தில் எதிர்பாராத அளவுக்கு ஏறியது. 1989-ல் அது வெளியே வந்தது, குற்றவாளி மது இல்லை, சாறுதான். அந்தப் பழம் நம்மூரில் அபூர்வம். அதன் சொந்தக்காரன் பம்ப்ளிமாஸ் எப்போதாவது பழக்கடையில் தலைகாட்டும்; சில கொழுப்பு மாத்திரை, சிறுநீரக மாற்று மருந்து சாப்பிடுபவர்கள் அதைத் தொடாமலிருப்பது நல்லது. எலுமிச்சை, சாத்துக்குடிக்கு இந்தப் பேச்சே இல்லை. தாராளமாகக் கொடுங்கள்.

உண்மையில் அப்பா விஷயத்தில் பழத்தைவிடப் பெரிய கை ரிஃபாம்பிசின்தான். சாப்பாடு ஈரல் நொதியைக் கொஞ்சம் கூட்டும், குறைக்கும். ரிஃபாம்பிசின் அதைப் பல மடங்கு முடுக்கிவிடும். முடுக்கிவிட்ட நொதி அவருடைய அம்லோடிபினையும் வேகமாக உடைத்துத் தள்ளும். மாத்திரை விடாமல் சாப்பிட்டும் பிரஷர் ஏறியிருந்தால் ஆச்சரியமில்லை. இந்த வாரமே ஒரு முறை பிரஷர் பாருங்கள். பிரஷர் மாத்திரை கொடுக்கும் டாக்டருக்கு டி.பி. மாத்திரை விஷயம் தெரியுமா? நிறைய வீடுகளில் ஒரு சீட்டு ஒரு மஞ்சப்பையிலும் இன்னொரு சீட்டு இன்னொரு மஞ்சப்பையிலும் இருக்கும், இரண்டும் ஒரே மேஜைக்கு வருவதே இல்லை.

காய்ச்சலுக்கு நீங்களாகப் பாராசிட்டமால் கொடுப்பதாக இருந்தால், அதிலும் எச்சரிக்கை வேண்டும். ஈரல் அதை உடைக்கும்போது ஒரு சிறு பங்கு நச்சாக மாறும், குளூட்டாதயோன்தான் அதை அடக்குகிறது. பட்டினி உடம்பில் அந்தச் சரக்கு இருப்பு குறைவு, ஐசோனியாசிட்டோ நச்சுப் பக்கத்தைக் கூட்டிவிடுகிறது. 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் நாளுக்கு மூன்றைத் தாண்ட வேண்டாம். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால் டாக்டரிடம் போங்கள்.

இப்போது அம்மா. வார்ஃபரினும் முருங்கைக்கீரையும் மோதிக்கொள்ளும் களமும் ஈரல்தான். ரத்தம் உறைய வைக்கும் சில புரதங்களை ஈரல் வைட்டமின் கே வைத்துச் செய்கிறது, வார்ஃபரின் அந்த வைட்டமினின் வேலையைத் தடுக்கிறது, கீரையில் அந்த வைட்டமின் நிறைய. அதனால் கீரையே கூடாது என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அம்மா வாரத்தில் இரண்டு நாள் ஒரு கரண்டி கீரை சாப்பிடுகிற ஆள் என்றால், ஐ.என்.ஆர். (ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் எண்) பார்த்து மாத்திரை அளவு போட்டதே அந்த இரண்டு கரண்டியையும் சேர்த்துத்தான். திடீரென்று நிறுத்தினால் ரத்தம் அளவுக்கு மேல் இளகிப் பல் ஈறிலும் மூக்கிலும் கசியும். மழைக்குப் பின் கொல்லை முருங்கை தழைத்துவிட்டதே என்று தினமும் பொரியல் வைத்தால், வால்வில் ரத்தம் கட்டும் ஆபத்து. வாரம் இரண்டு கரண்டி என்றால் வருடம் முழுக்க வாரம் இரண்டு கரண்டிதான். காய்ச்சல், விரதம் என்று நாலு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாலும் ஐ.என்.ஆர். ஏறும், அப்போது ஒரு தடவை கூடுதலாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் இந்தக் கடிதத்தில் மிக அவசரமான விஷயம் இது. டி.பி. நோயாளியின் வீட்டில் இருப்பவர்களைச் சோதித்து, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுப்பது இப்போதைய அரசுத் திட்டம். உங்கள் வீட்டுக்கும் வருவார்கள், அல்லது வந்திருப்பார்கள். அம்மா அந்த மாத்திரையைத் தொடங்கும் முன் வார்ஃபரின் சீட்டைக் காட்டுங்கள். தடுப்பு மாத்திரையில் ரிஃபாபென்டின் இருந்தால் அது ரிஃபாம்பிசினின் தம்பி. வார்ஃபரினை ஈரல் வேகமாக உடைத்துத் தள்ளி, ஐ.என்.ஆர். சரிந்துவிடும். ஐசோனியாசிட் மட்டும் என்றால் எதிர்ப்பக்கமாக ஏறலாம். எது கொடுத்தாலும் வால்வு டாக்டருக்குத் தெரிய வேண்டும், ஐ.என்.ஆரை அடிக்கடி பார்க்க வேண்டும். தொடங்கும்போது மட்டுமல்ல, அந்த மாத்திரையை நிறுத்திய பிறகும் சில வாரத்துக்கு. கீரையைப் பற்றி ஊரே எச்சரிக்கும், இதைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்காது.

கொடைக்கு ஒரு நாள்? வேண்டாம். ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று அவர் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் சாராயம், ஐசோனியாசிட் இரண்டும் ஈரலைத்தான் தாக்குகின்றன. அதுவுமில்லாமல் கொடை ஒரு நாளோடு முடிந்ததாக எனக்குத் தெரியவில்லை, எட்டாம் கொடை என்று அடுத்த வாரம் இன்னொன்று இருக்கும். கிடாக் கறியை வயிறாரச் சாப்பிடட்டும், இரண்டு துண்டு ஈரலும் சேர்த்து. கிளாஸ் மட்டும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அடுத்த வருடமும் நான் இதையேதான் சொல்வேன், அதை இப்போது சொல்ல வேண்டாம்.

ஈரல் டெஸ்ட் எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்காவிட்டால் அடுத்த முறை மாத்திரை வாங்கும்போது கேட்டு எடுங்கள், எடையும் குறைந்ததைச் சொல்லுங்கள். அங்கே மாத்திரை எண்ணிக்கையே எடையைப் பார்த்துத்தான். அந்த டெஸ்ட்டில் வரும் எஸ்.ஜி.பி.டி. என்ற எண் கொஞ்சம் ஏறியிருந்தால் பதற வேண்டாம், தொந்தரவு எதுவும் இல்லாமல் ஏறித் தானே இறங்குவது சகஜம். தொந்தரவோடு இயல்பு அளவைப்போல் மூன்று மடங்கு, தொந்தரவு இல்லாவிட்டாலும் ஐந்து மடங்கு ஏறினால்தான் மருந்தை நிறுத்தி வைப்பார்கள். பசி அடியோடு போவது, ஓயாத வாந்தி, வலது விலாவுக்குக் கீழே வலி, கண் மஞ்சள், இதில் ஒன்று வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

மூத்திரத்தின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு அது செம்மஞ்சளாகத்தான் போகும், வியர்வையில் சட்டைக்கழுத்துகூடக் கறையாகும். காலையில் அவரைத் திண்ணையில் வெளிச்சம் பார்த்து உட்கார வைத்து, கீழ் இமையை விரலால் இழுத்துக் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். டியூப் லைட்டில் பார்த்தால் தெரியாது.